வள்ளல் ஆவது எப்படி: பேட்டை முதலாளிகளுக்குச் சில யோசனைகள்

முதலாளி அவர்களே, புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் உங்களுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. நாற்பது ஐம்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கார் புதிது. பையன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இனி பாக்கி ஒன்றுதான்: ஊர் உங்களை வள்ளல் என்று சொல்ல வேண்டும். பையன் அதற்கு 'சி.எஸ்.ஆர்.', அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு, என்று பேர் வைத்திருப்பான். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் ஊரில் நீர்மோர் ஊற்றத் தெரிந்த எவருக்கும் அது கைவந்த கலை.

முதலில் நல்ல சேதி. சட்டம் உங்களைத் தொடாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழித்தாக வேண்டும். லாபம் 5 கோடி என்றதும் உங்கள் முகம் மாறுகிறது. கவலையே வேண்டாம், உங்கள் ஆடிட்டர் இருக்கிறவரை அந்த ஆபத்து உங்களை நெருங்காது. ஆரம்பத்தில் பெரிய கம்பெனிகளுக்கும் இது சுலபமாகத்தான் இருந்தது. செலவழிக்கவில்லையென்றால் ஏன் செலவழிக்கவில்லை என்று ஆண்டறிக்கையில் நாலு வரி எழுதினால் போதும். 2021 ஜனவரிக்குப் பிறகுதான் அபராதம் வந்தது: கட்டாமல் விட்ட தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இரண்டில் எது குறைவோ அது. உங்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. நீங்கள் செய்வதெல்லாம் சுத்தமான மனசிலிருந்து வருவது.

இரண்டாவது சேதி அதைவிட நல்லது. எதெல்லாம் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. கட்சிக்குக் கொடுத்த நன்கொடை சேராது. சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்தது சேராது. விளம்பரத்துக்காகச் செய்த ஸ்பான்சர்ஷிப் சேராது. வேறு எந்தச் சட்டத்தின்படியாவது செய்தே ஆக வேண்டிய கடமையை நிறைவேற்றினால், அதுவும் சேராது. கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். பி.எஃப். கட்டுவது, இ.எஸ்.ஐ. கட்டுவது, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி கொடுப்பது, கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவது, எதுவுமே சமூகத் தொண்டு ஆகாது. அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. கணக்கில் சேராத ஒன்றுக்குக் காசைக் கரைப்பானேன்? இந்த ஒரு நுணுக்கம் பிடிபட்டுவிட்டால் மீதியைத் தானாகவே செய்துவிடுவீர்கள். கொடுத்தே ஆக வேண்டியதில் இழுத்துப் பிடியுங்கள், கொடுக்கத் தேவையில்லாததில் தாராளமாக இருங்கள்.

இனி, எதைக் கொடுப்பது?

சித்திரை பிறந்ததும் நீர்மோர் பந்தல். இடம் முக்கியம். உங்கள் ஷெட் வாசலில் போட்டால் உங்கள் ஆட்கள்தான் குடிப்பார்கள், அதில் என்ன புண்ணியம்? இந்திரா காந்தி சிலைப் பக்கம் போடுங்கள், அல்லது கொக்கு பார்க் சிக்னல் பக்கம். சிவப்பு விளக்கில் நிற்கிற ஜனங்களுக்கு உங்கள் பேனரைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தண்ணீருக்குச் செலவு கிடையாது, கம்பெனி போர்வெல் இருக்கிறது. இந்த ஊர் குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரில்தான் என்றும், கடலோரமாக உப்பு உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்றும் யாராவது சொல்லுவார்கள். அவர்களுக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

பேனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாண்டியில் பேனர் இல்லாமல் கொடுத்தது கொடுத்ததே ஆகாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று இங்கே 2000லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்தச் சட்டத்துக்கு நம் ஊர் காட்டும் மரியாதையை இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை ஒருமுறை வண்டியில் போனால் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ லாரியில் சிக்கி உயிரை விட்டபோது, நாமும் வருத்தப்பட்டோம். அந்த வருத்தத்தைத் தெரிவித்தும் பேனர் வைக்கலாம். பேனரில் யார் படம் எவ்வளவு பெரியது என்பதில் கவனம் தேவை. 2021 தேர்தலில் என். ரங்கசாமி வென்று முதலமைச்சரான தொகுதி இது. பேனரின் மேல்பாதி யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் படம் நடுவில், கைகூப்பியபடி. பயனாளியின் படம் வேண்டாம், இடம் போதாது.

கடையெழு வள்ளல்களுக்கு போட்டோகிராபர் இருந்தாரா என்று பையன் கேட்பான். புலவர்கள் இருந்தார்களே! பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தது இரண்டாயிரம் வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறதென்றால் யாரால்? கொடுத்தவனைப் பற்றிப் பேச ஆள் வைத்துக்கொள்வது நம் பண்பாட்டிலேயே இருக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு, பாரி கொடுத்தது சொந்தத் தேர். அதை இப்போது பெரிதுபடுத்த வேண்டாம்.

ஜூன் 5 மரக்கன்று. போன வருடக் குழி அப்படியே இருக்கும், புதிதாகத் தோண்டும் கூலி மிச்சம். பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகம். அட்டையில் உங்கள் லோகோ, பின்னட்டையில் உங்கள் சரக்குப் பட்டியல். போக்குவரத்துப் போலீசுக்குக் குடை. ரத்த தானம் ரொம்பச் சிக்கனம், ஏனென்றால் ரத்தம் தொழிலாளியுடையது, சான்றிதழ் கம்பெனியுடையது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையோரம் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சி நடத்தினால் கையுறையும் தொப்பியும் நீங்கள் வாங்கித் தர வேண்டியிருக்கும். பொறுக்கியதில் உங்கள் கம்பெனி கவரே அகப்பட்டால் அதைக் கேமராவுக்கு முதுகு காட்டிப் போடச் சொல்லுங்கள்.

புயல் வந்தால் அது தனி யோகம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர், மீட்க ராணுவம் வந்தது. அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. நீங்கள் ஐந்து கிலோ அரிசிப் பை. பையைக் கொடுக்கும்போது உடனே கையை விட்டுவிடாதீர்கள், வாங்குகிறவரும் நீங்களும் சேர்ந்து பிடித்திருக்கும் அந்த நாலைந்து நொடிதான் படம். உங்கள் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். அவர்கள் அந்த மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் கூலியைப் பிடித்துவிட்டால் அரிசிச் செலவு நேராகிவிடும்.

மழையைப் பற்றிப் பேசும்போதே கழிவுநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்காரர்களும் மனிதர்கள்தான், கொட்டுகிற மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு வாய்க்காலில் மாதிரி எடுக்க வர மாட்டார்கள். இதற்கு மேல் எழுத்தில் சொல்வது உசிதமல்ல.

அடுத்தது பில். பேட்டையில் ஒருவர் எவ்வளவு பெரிய முதலாளி என்பது அவர் எத்தனை பேருக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதில் தெரியும். உங்களுக்குப் பின்தெருவில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருப்பார். இரண்டு மிஷின், மூன்று ஆள், தானும் மிஷினில் நிற்பார். உங்கள் சரக்குக்குப் புஷ், பின், ஃபிளாஞ்ச் போட்டுத் தருகிறவர். அவர் பில்லை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கந்துவட்டிக்காரன்கூட யோசிப்பான். ஆனால் பயப்படாதீர்கள். அந்த வட்டியைக் கேட்டு ஒரு பட்டறைக்காரர் இதற்கென்று இருக்கும் கவுன்சிலுக்கு மனுப் போட வேண்டும். போட்டால் அடுத்த ஆர்டர் வராது. இது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுத்தில் இல்லாத இந்தச் சட்டம், எழுத்தில் இருக்கிற சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது.

2024 ஏப்ரல் வாக்கில் ஒரு சின்ன நெருக்கடி வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி-யில் ஒரு புது உட்பிரிவு சேர்ந்தது. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் காட்ட முடியும். பட்டறைக்காரருக்குக் கொடுக்காத காசுக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும். அநியாயம்தான். வழி இருக்கிறது. குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் 'உத்யம்' பதிவு வைத்திருக்கிறவரிடம் வாங்காதீர்கள், அல்லது அவரிடமே அந்தப் பதிவை விட்டுவிடச் சொல்லுங்கள். இதை நேராகக் கேட்கக் கூடாது. "பேப்பர் வேலை அதிகமா இருக்கு அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்று அக்கறையாகச் சொல்ல வேண்டும். பேட்டைக்குள்ளேயேதான் தொழில், வணிகத்துறை இயக்குநர் அலுவலகமும் இருக்கிறது. அவர் அங்கே போவதற்கு முன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும், அவருக்குத் தர வேண்டிய மூன்று லட்சத்தை நிறுத்தி வைத்திருக்கும் மாதத்தில் நீர்மோர்ப் பந்தலை நிறுத்தாதீர்கள். மோருக்கு ஆகும் செலவு பாக்கித் தொகையின் வட்டிக்குக்கூடக் காணாது.

தொழிலாளர் விஷயத்துக்கு வருவோம். இதில் புதுச்சேரிக்கு ஒரு பழைய பெருமை உண்டு, அதை நீங்கள் மேடையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் போராட்டம். பிரெஞ்சுக்காரர்களின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். சேதி பாரிஸ் வரை போயிற்று. அங்கே அப்போது லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் விடாமல் அலைந்தார்கள். 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலை எழுத்தில் ஏறியது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று ஊருக்குச் சோறு போட்ட மூன்று பஞ்சாலைகளும் மூடிவிட்டன. ஏ.எஃப்.டி.யின் கடைசி நாள் 2020 ஏப்ரல் 30, மே தினத்துக்கு முந்தைய நாள். இப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க அரசாங்கத்தால்தான் முடியும். நீங்கள் ஜூலை 30 காலையில் ஒரு மலர் வளையம் வைத்துவிட்டு, பதினொரு மணிக்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். எட்டு மணிக்கு வந்த ஷிப்ட் எட்டு மணிக்குத்தான் போக வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறீர்களே, பார்க்க வேண்டாமா?

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எஃப். உங்களிடம் நாற்பது பேர். ஆனால் உங்கள் பதிவேட்டில் ஒன்பது பேர். மீதிப் பேர் கான்ட்ராக்டர் ஆள், கான்ட்ராக்டரிடம் கேட்டால் அவருடைய பதிவேட்டிலும் ஒன்பது பேர். இன்னும் சிலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், அவர்கள் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. இப்படி மனிதர்களைக் காற்றில் கரைக்கிற வித்தைக்கு சித்தர்கள் எத்தனை காலம் தவம் இருந்தார்களோ! ஒருவர் விரல் பிரஸ்ஸில் மாட்டினால் மட்டும் கொஞ்சம் சிரமம். அப்போது உடனே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போட்ட கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுங்கள். இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. அதிலிருந்து அவருக்கு வைத்தியமும், விரல் போனதற்கு மாதாமாதம் பணமும் உரிமையாகக் கிடைத்திருக்கும். உரிமையாகக் கிடைத்ததற்கு யார் கையெடுத்துக் கும்பிடுவார்கள்? ஐயாயிரத்துக்குக் கும்பிடுவார்.

நேரு வீதியில் உங்களுக்குத் துணிக்கடையும் இருந்தால் இன்னொரு சலுகை. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அது தமிழ்நாட்டுச் சட்டம். கோட்டக்குப்பத்தில் உட்காரலாம், இங்கே அந்தச் சட்டம் செல்லாது. எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

அடுத்தது நெறிமுறைக் கையேடு. பையன் கேட்பான், எழுதிவிடுங்கள். நீளமாக இருக்கட்டும். அமெரிக்காவில் என்ரான் கம்பெனியிடம் 64 பக்கத்துக்கு ஒன்று இருந்தது, 2000 ஜூலையில் அச்சிட்டது. மறு வருடமே கம்பெனி திவால். கையேட்டில் குறை ஒன்றும் இல்லை, அதைப் படித்த யாரும் அதில் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் அறையில் குறள் பலகை மாட்டுவதானால் 23ஆம் அதிகாரத்திலிருந்து எடுங்கள், அது ஈகை. தவறிப்போய் 66க்குப் போய்விடாதீர்கள். அங்கே வினைத்தூய்மை இருக்கிறது, வருகிறவர்கள் படித்துத் தொலைத்தால் சங்கடம்.

வள்ளன்மைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சம்பந்தமே தேவையில்லை என்பதற்கு ஐதராபாத்தில் பாடம் இருக்கிறது. சத்யம் கம்பெனி ராமலிங்க ராஜு. 2001இல் அறக்கட்டளை வைத்துக் கிராமங்களுக்குக் குடிநீர், படிப்பு, வைத்தியம் என்று செய்தார். 2005இல் அங்கே அவர் ஆரம்பித்து வைத்ததுதான் 108 ஆம்புலன்ஸ். இன்றைக்குப் பல மாநிலங்களில் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதில் கிண்டல் இல்லை. 2008இல் நல்ல நிர்வாகத்துக்காகக் கம்பெனிக்குத் தங்க மயில் விருது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அவரே கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டிய சுமார் 5,000 கோடி ரொக்கம் இல்லவே இல்லை. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, கடிதம் எழுதக் கூடாது என்பதுதான்.

ஒருவேளை உங்கள் பெயர் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை, முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆலையை மூடினார்கள். அப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம். தொழிலாளர்களின் உடம்புக்கு ஆலையால் பாதிப்பில்லை என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. ஆய்வு, மறு ஆய்வு, கமிட்டி, கோர்ட். பதினான்கு வருடம் அப்படியே ஓடியது. 2015இல் சோபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் ராப் பாட்டு ஒன்றைப் பாடி யூடியூபில் போட்டார். உலகம் முழுக்கப் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் உடன்பாடு. இழப்பீடு என்று எழுதவில்லை, மனிதாபிமான அடிப்படையில் கருணைத் தொகை என்றார்கள்.

முதலாளி அவர்களே, இதைவிட உயர்ந்த நிலை இந்தத் துறையில் கிடையாது. கொடுக்க வேண்டியதைக் கடைசியில் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்று வந்துவிட்டாலும், அதையும் தானமாகவே கொடுக்க முடியும். நீங்கள் அந்த உயரத்துக்கு வரக் கொஞ்ச காலம் ஆகும். தீபாவளி போனஸிலிருந்து பழகுங்கள். 8.33 சதவீதம் சட்டப்படி கொடுத்தாக வேண்டியது. அதைக் கவரில் போட்டு, மேடை கட்டி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஸ்வீட் பாக்ஸோடு கொடுத்தால் பாதி ஆட்களுக்கு அது உங்கள் அன்பளிப்பு என்றே தோன்றும். மீதிப் பாதிக்கும் தோன்றும்படி சூப்பர்வைசர் கைதட்டுவார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பேட்டையில் அங்கங்கே சில கிறுக்குப் பிடித்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றாம் தேதி சம்பளம். பதிவேட்டில் எத்தனை பேரோ ஷெட்டில் அத்தனை பேர். பிரஸ்ஸுக்குக் கம்பித் தடுப்பு வைத்திருப்பார்கள், வேகம் குறைகிறதே என்றால் "விரல் இருக்கட்டும்" என்பார்கள். நீர்மோர்ப் பந்தலுக்கு நன்கொடை கேட்டுப் போனால், உள்ளே பானையில் மோர் இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர்களைப் பார்த்து நீங்கள் குழம்பக் கூடாது. ஒரு பேனரிலும் இவர்கள் படம் வந்ததில்லை, ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கும் தலைமை தாங்கியதில்லை. ஊருக்கு இவர்கள் பேரே தெரியாது.

உங்களுக்குத் தெரியும். பின்தெரு லேத் பட்டறைக்காரர் அவர்களில் ஒருவர். மூன்று லட்சம் பாக்கி. மறுபடியும் போன் அடித்தால், விருது விழா முடியட்டும், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று பையனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.